ஏழாவது உறை

கொத்து வேலை பழகக் கரண்டி பிடிக்க வரும் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மேஸ்திரி, நீ கட்னதுலயே பெரிய வேல இன்னா?" கொத்தளம் என்றோ கிடங்கு என்றோ நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் செய்ததிலேயே பெரிய வேலை, ஏழு உறை ஆழத்துக்கு இறக்கிய ஒரு கிணறு. அதைப் பார்க்கலாம் என்று யாரும் படகு ஏற வேண்டாம். இப்போது அங்கே மணல்தான் இருக்கிறது. கட்டியவனே மூடினான். படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். நானும் அந்த வேலையைப் பல வருடமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

1. முதல் நாள்

நான் திருப்பாலைவனத்து ஆள். பழவேற்காட்டில் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கோட்டைக்குக் கொத்து வேலை தெரிந்தவர்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, கரண்டியும் தூக்குக்குண்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். பீரங்கி நிற்கிற மதில் கட்டச் சொல்வார்கள் என்று வழியெல்லாம் கனவு. துபாஷி என்னைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஒரு மூலையைக் காட்டினார். துபாஷி என்றால் துரை பேசுவதை நமக்கும் நாம் பேசுவதைத் துரைக்கும் மாற்றிச் சொல்கிறவர். மாற்றி என்பதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

"இங்க நாலு சுவரு எழுப்பு" என்றார்.

"இன்னா சாமி இது?"

"கக்கூசு. தொரைமாரு போற எடம்."

எங்கள் ஊரில் அதற்கு ஏரிக்கரை முழுவதும் இருந்தது. இங்கே அதற்குச் சுவர், பொன்னேரிச் செங்கல், சுண்ணாம்புக்குளத்துச் சிப்பிச் சுண்ணாம்பு, சாந்தில் சேர்க்கக் கடுக்காய்த் தண்ணீர், வெல்லப்பாகு. எங்கள் ஊர்க் கல்யாணப் பாயசத்தில்கூட நான் அவ்வளவு வெல்லத்தைப் பார்த்ததில்லை.

ஆனாலும் கட்டினேன். ஒரு துரை வந்து சுவரின் உச்சியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரு நூல் பிசகவில்லை. அவர் என் முதுகில் தட்டினார். அன்றிலிருந்து எனக்கு 'நூல் பிசகாத ஆள்' என்று பெயர். ஆறு வருடத்தில் மேஸ்திரி ஆனேன். நடுவில் கிடங்கு கட்டினேன், மாடிப்படி கட்டினேன், எல்லாவற்றையும்விட அதிகமாகக் கல்லறை கட்டினேன். கப்பலிலிருந்து இறங்குகிற துரைமாரில் பாதிப் பேருக்கு இந்த ஊர்க் காய்ச்சல் ஆகாது. கல்லறை வேலை மட்டும் எனக்கு வற்றியதே இல்லை.

முதுகில் தட்டு வாங்கிய கொத்தனுக்கு மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். எனக்கும் கரைந்தது.

2. திட்டு

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே பாம்பு படுத்த மாதிரி நீளமாக ஒரு மணல்திட்டு. அதன்மேல் நாற்பது குடிசை. நடுத்திட்டுக்குப்பம் என்று பெயர். கோட்டை மதில்மேல் நின்றால் கண்ணுக்குத் தெரியும். போய்ச் சேருவதற்குக் காற்று சம்மதிக்க வேண்டும். வாடைக்காற்று விடாமல் அடித்தால் ஏழெட்டு நாளைக்கு ஒரு படகும் இக்கரைக்கு வராது. அத்தனை நாளும் அவர்களுக்குக் கருவாடும் பானையின் அடியில் கிடக்கிற அரிசியும்தான். மருத்துவச்சி கிடையாது. நாவிதர் எப்போதாவது வருவார். கரை ஊர்க்காரர்கள் அங்கே பெண் கொடுக்க மூன்று முறை யோசிப்பார்கள். செத்தால் புதைக்க மட்டும் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம், மணல் நிறைய உண்டு.

அந்த ஊருக்கு நான் போக நேர்ந்தது ஒரு புதுத் துரையால். எந்த நேரமும் கையில் அளவுகோலோடு திரிந்ததால் நாங்கள் அவருக்குக் கோல் துரை என்று பெயர் வைத்திருந்தோம். நடந்துபோகிற ஆட்டைக்கூட அளப்பார். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் கடலில் தள்ளித்தான் நிற்கும். அவற்றுக்குக் குடிதண்ணீரைப் பீப்பாயில் நிரப்பி, படகில் ஏற்றி, முகத்துவாரம் வழியாகக் கொண்டுபோக வேண்டும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக்கொள்ளும். படகு தட்டி நிற்கும். கோல் துரை ஊர்ப் படத்தை விரித்து அளந்து பார்த்துவிட்டுக் கண்டுபிடித்தார்: மணல்திட்டிலேயே ஒரு கிணறு வெட்டிவிட்டால் ஏரியைத் தாண்டுகிற வேலையே இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள்.

"தொரை கேக்கறார், எத்தினி ஒற எறக்குவே?" என்றார் துபாஷி.

உறை என்றால் சுட்ட மண்வளையம், ஒரு முழ உயரம். மணலைத் தோண்டத் தோண்ட ஒன்றின்கீழ் ஒன்றாக இறக்கிக்கொண்டே போவோம். மணல் சரியாது.

"ஏழு" என்றேன்.

திருப்பாலைவனத்தில் எங்கள் வீட்டுக் கிணறு ஏழு உறை. நான் ஏழு என்று சொன்னதற்கு வேறு எந்தக் காரணமும் கிடையாது.

"எம்மா நாளாவும்?"

"பத்து நாள்."

துபாஷி துரையிடம் ஏதோ சொன்னார். துரை சந்தோஷமாகத் தலையாட்டினார். வெளியே வந்த பிறகு துபாஷி என்னிடம், "எட்டு நாள்னு சொல்லிட்டேன், பாத்துக்கோ" என்றார்.

சித்திரை வெயிலில் திட்டில் இறங்கினேன். மணல் காலைப் பொரித்தது. முதல் குடிசை வாசலில் ஒரு குடம் தண்ணீர் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் வெளியூர் ஆள் வந்தால் வாசலில் கால் கழுவத் தண்ணீர் வைப்பார்கள். எனக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மேஸ்திரி அல்லவா! குடத்தைச் சரித்து இரண்டு காலையும் முழங்கால் வரைக்கும் கழுவினேன்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. காலைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், மணல் உறிஞ்சிக்கொண்ட ஈரத்தைப் பார்த்தாள்.

"நீ யாருய்யா?"

"கோட்டை மேஸ்திரி."

"கால் கழுவறதுக்கு இம்மாம்பெரிய ஏரி கீதே மேஸ்திரி. அந்தாண்ட ஒரு கடலே கீது. ரெண்டும் கண்ணுக்குத் தெர்லியா?"

அவள் பெயர் தேசம்மா. அந்த ஊரின் ஊற்றுக்காரி. நான் காலில் ஊற்றியது ஒரு வீட்டின் ஒரு நாள் குடிதண்ணீர்.

3. கொட்டாங்கச்சிச் சட்டம்

ஏரியில் வலை விரிக்க அந்த மக்கள் முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு இவன் பாடு என்றால் அடுத்தவன் அந்த இடத்தில் வலை நனைக்க மாட்டான். தண்ணீருக்கும் அவர்கள் அதே போலப் பாடு வைத்திருந்தார்கள். ஊருக்கு நடுவே ஒரு மணல் பள்ளம். பாடு வந்த வீட்டுக்காரி காலையில் அங்கே உட்கார்ந்து கையால் மணலைப் பறிப்பாள். முழங்கால் ஆழம்தான். கொஞ்ச நேரத்தில் அடியில் தண்ணீர் சுரக்கும். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவாள். குடம் நிறைந்ததும் குழியை மணல் போட்டு மூடிவிட வேண்டும். அடுத்தவள் வேறு இடத்தில் பறிப்பாள்.

முழங்காலுக்குக் கீழே யாரும் தோண்டக் கூடாது. குடத்தை நேராக முக்கக் கூடாது, கொட்டாங்கச்சிதான். இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறவள் ஊற்றுக்காரி. தேசம்மாவின் புருஷன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டான். வலைக்குப் போக வீட்டில் ஆள் இல்லை. அதனால் ஊர் அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்திருந்தது. வலை வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் அவளுக்கு ஒரு கை மீன் எடுத்து வைப்பார்கள். அதுதான் அவள் பிழைப்பு. ஊற்று கரித்துப்போனால் ஊற்றுக்காரிதான் பதில் சொல்ல வேண்டும். அவள் அசந்திருந்தபோது எவனோ ஆழமாகத் தோண்டிவிட்டான் என்று அர்த்தம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நண்டு மணலைப் பறிக்கிற மாதிரி பறித்து, அதற்கு ஒரு சட்டம், சட்டத்துக்கு ஒரு அதிகாரி! என்னோடு வந்த கொத்தனார்களிடம், "இவங்க பொறந்ததுலேர்ந்து கெணறுன்னு ஒண்ண பாத்ததே இல்லடா" என்றேன். அவர்களும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரித்தால் கொத்தன் சிரிக்க வேண்டும், அது தொழில் தர்மம்.

ஊருக்குத் தலைவர் ஒருவர் உண்டு. பெரியதனம் என்பார்கள். கிணற்றுக்கு அவர் சம்மதம் வேண்டும் என்பதால் கோல் துரை அவருக்குச் சிவப்புக் கம்பளி ஒன்று அனுப்பியிருந்தார். சித்திரை மாதத்தில் கம்பளி! அதைப் போர்த்திக்கொண்டு, வேர்வை ஆறாக ஓட, பெரியதனம் படகுத்துறையில் வந்து நின்றார். யாராவது விசிறினால் கோபம் வந்தது, கம்பளி விலகுகிறதாம். அவர் சம்மதித்துவிட்டார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தேசம்மா மட்டும் வேண்டாம் என்றாள். ஊற்றுக்காரியை யார் கேட்டது?

4. இறக்கியது

ஊற்றுப் பள்ளத்திலிருந்து எண்பது தப்படி தள்ளி, கடல் பக்கமாக இடம் குறித்தேன். பொன்னேரிக் குயவர் சுட்ட உறைகள் படகில் வந்தன. முதல் உறையிலேயே தண்ணீர் கசிந்தது. இரண்டாவதில் கணுக்கால் நனைந்தது. மூன்றாவது உறை இறங்கியபோது இடுப்பளவு தண்ணீர். நல்ல தண்ணீர், பனை நுங்கு மாதிரி இருந்தது. ஊரே வந்து எட்டிப் பார்த்தது. பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். நான் மீசையில் கை வைத்தேன்.

தேசம்மா வந்தாள். கொட்டாங்கச்சியால் ஒரு வாய் குடித்தாள்.

"மூணோட நிறுத்திக்கோ மேஸ்திரி."

"ஏழு போட்ருக்குது."

"யாரு போட்டது?"

"நான்தான்."

"அப்போ நீயே மூணுன்னு போட்டுக்கோ. இத்தக் கேளு. இது நெலத்துத் தண்ணி இல்ல. மழத் தண்ணி. கீய கடலு படுத்துக்கினு கீது, அதும்மேல இது பாயி மாரி விரிச்சிருக்குது. பாய ஓட்ட போட்டேன்னா அது எய்ந்து வந்துரும்."

நான் கையை நீட்டிக் கடலைக் காட்டினேன். "கடலு தோ அங்க கீது தேசம்மா. உனுக்கு நான் காட்டணுமா?"

கொத்தனார்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கொட்டாங்கச்சியில் மிச்சமிருந்த தண்ணீரை மணலில் ஊற்றாமல் குடித்துவிட்டுப் போனாள்.

நான்காவது, ஐந்தாவது, ஆறாவது உறை இறங்கின. ஏழாவதுக்குத் தண்ணீரை இறைத்துக் கொட்டச் சொல்லிவிட்டு நானே கிணற்றில் இறங்கினேன். மண் பார்க்க வேண்டும் என்பது சாக்கு. நம் பெயர் சொல்லப்போகிற கிணற்றின் அடியில் நம் கால் பட வேண்டும் என்ற ஆசை. உறையை உட்கார வைத்துவிட்டு, அடியில் புதிதாகக் கொப்பளித்த தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் விட்டேன்.

கரித்தது. லேசாகத்தான். மேலே ஊறுகிற தண்ணீரோடு கலந்தால் தெரியாத அளவு. ஆனால் கரித்தது.

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும், மேலே கயிற்றோடு நான்கு பேர் நின்றார்கள். ஏழாவது உறையை அப்போதே தூக்கிவிட்டு, மூன்றாவது உறை வரைக்கும் களிமண் போட்டு மிதித்து, மேலே ஏறி வந்து மூன்றே போதும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு அரை நாள் வேலை. சொன்னால் தேசம்மா சொன்னது சரி என்று ஆகும். கொத்தனார்கள் முன்னால், துபாஷி முன்னால், கம்பளி முன்னால். நான் ஒரு கூடை வெள்ளை மணலை இறக்கச் சொல்லி அடியில் கொட்டிப் பரப்பினேன். தெளிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலே வந்து குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஏழு உறையும் நேர்கோடு. நூல் பிசகவில்லை.

5. பீப்பாய்

ஏற்றம் நட்டோம். கப்பல் வந்தது. ஐந்து நாள் ஏற்றம் நிற்கவில்லை. ஒருவன் மாற்றி ஒருவன் மிதித்தான். பீப்பாய்கள் உருண்டு வந்து நிரம்பி உருண்டு போயின. கொட்டாங்கச்சியால் ஒரு வருடம் மொண்டாலும் அந்த ஊர் அவ்வளவு தண்ணீரைப் பார்த்திருக்காது. கோல் துரை கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பீப்பாய்களை அளந்தார். பெரியதனம் பக்கத்தில் நின்றார், கம்பளியோடு.

நான்காம் நாள் தண்ணீர் கரித்தது. ஐந்தாம் நாள் வாயில் வைக்க முடியவில்லை. அந்த நாள் பீப்பாய்களும் கப்பலுக்குத்தான் போயின. ஏற்றம் மிதிக்கிறவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் துப்புவதைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் விழுங்கினார்கள்.

கப்பல் போய் எட்டு நாள் கழித்து தேசம்மாவின் ஊற்றுப் பள்ளம் கரிக்க ஆரம்பித்தது. முழங்கால் ஆழத்தில் பறித்தாலும் கரிப்பு, கையளவு பறித்தாலும் கரிப்பு. வைகாசி மாதம். மழைக்கு இன்னும் ஐந்து மாதம். குழந்தைகள் தண்ணீரை வாயில் வைத்துவிட்டு அழுதன.

6. ஊர் கூடியது

கரையில் ஏற்றி வைத்த படகுகளின் நிழலில் ஊர் கூடியது. கிணற்றைப் பார்த்து வரும்படி துரை எங்களை அனுப்பியிருந்ததால் நானும் துபாஷியும் அங்கே இருந்தோம். தேசம்மா நடுவில் நின்றாள்.

"ஊத்து கரிச்சா ஊத்துக்காரி பதிலு சொல்லணும்" என்றார் பெரியதனம்.

"சொல்றேன். கோட்டக் கெணறு கரிச்சுது. அதனால ஊத்து கரிச்சுது. கெணத்துக்குச் சம்மதம் குட்த்தது நானா?"

பெரியதனத்தின் முகம் கம்பளி நிறத்துக்கு வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "நம்ம வெறும் மீன் புடிக்கறவங்க. கெணத்தப் பத்தி மேஸ்திரிக்குத்தான் தெரியும். மேஸ்திரி சொல்லட்டும்."

துபாஷி என் காதோரம், "பாத்துப் பேசு. தொரை உத்தரவு போட்ட கெணறு" என்றார்.

தேசம்மா என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. அவள் வீட்டுக் குடத்தில் கால் கழுவிய நாளிலிருந்து நான் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தொழில் தெரிந்தவன் தொழிலைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டான் என்று ஒரு நம்பிக்கை அவளுக்கு இருந்திருக்க வேண்டும்.

நான் தொண்டையைக் கனைத்தேன். "எங்கெணத்துக்கும் ஊத்துக்கும் எம்பது தப்படி தூரம். அது வேற தண்ணி, இது வேற தண்ணி. எங்கெணறு நூலு பிசகாது."

கடைசி வாக்கியம் மட்டும் உண்மை.

அவ்வளவுதான். அவளிடமிருந்த கொட்டாங்கச்சியை வாங்கிப் பெரியதனம் தன் கொழுந்தியாளிடம் கொடுத்தார். கரித்துப்போன ஊற்றுக்கு எதற்கு ஊற்றுக்காரி என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று மாலை வந்த வலைகளில் தேசம்மாவுக்கு யாரும் மீன் எடுத்து வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊர் தண்ணீருக்கு ஏரியைத் தாண்டியது. தினமும் இரண்டு படகுகள் வலையை இறக்கிவிட்டுப் பானையை ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்கு வந்தன. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற நாளில் படகு வரவில்லை. ஆடிக்குள் ஒன்பது குடிசை காலி. எல்லாம் என் காதுக்கு வந்தன. நான் காதை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கிடங்குக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தேன்.

7. கல்லறை வேலை

ஆனி மாதத்தில் கோல் துரைக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாளில் முடிந்தது. கல்லறை கட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். சுண்ணாம்பு சுமக்கச் சித்தாள்கள் வந்தார்கள். அவர்களில் தேசம்மா இருந்தாள்.

தலையில் சாந்துக்கூடையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். கூடையை இறக்கினாள்.

"யாருக்கு மேஸ்திரி இது?"

"கோல் துரைக்கு."

"எத்தினி மொழம் தோண்டனீங்க?"

"நாலு."

"பரவால்ல. நிறுத்தத் தெரிஞ்சிக்கினியே."

கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த நடைக்குப் போய்விட்டாள். நான் கையில் செங்கல்லோடு உட்கார்ந்திருந்தேன். சாந்து காய்ந்து இறுகிவிட்டது. நான் கொத்துவேலைக்கு வந்த நாளிலிருந்து சாந்து என் கையில் காய்ந்தது அன்று ஒரு நாள்தான்.

மறுநாள் அவளிடம் போய், "நான் திட்டுக்குப் போய் உண்மைய சொல்லிடறேன் தேசம்மா. கெணத்தையும் மூடிடறேன். நீயும் வா" என்றேன்.

"நான் எதுக்கு? வெச்சது நீ. நீயே எடு."

தனியாகப் போனேன். இந்த முறை படகை விட்டு இறங்கியதும் ஏரியில் கால் கழுவிக்கொண்டேன். ஊரைக் கூட்டிச் சொன்னேன். ஏழாவது உறையில் கரித்தது எனக்குத் தெரியும். மறைத்தேன். ஊற்று கெட்டது என் கிணற்றால்தான், தேசம்மாவால் இல்லை. சொல்லி முடித்ததும் அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

பெரியதனம் கம்பளி இல்லாமல் மெலிந்துபோயிருந்தார். மணலைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "சொன்னது நல்லது. ஆனா ஊரு ஒரு வாட்டி சொன்ன வார்த்தைய முழுங்காது மேஸ்திரி. கெணத்த மூடிக்கோ."

ஒரு ஊர், தன் வாய் தப்பாகப் பேசியது என்று ஒத்துக்கொள்வதைவிட உப்புத் தண்ணீர் குடிக்கச் சம்மதிக்கும். அவர்களைச் சொல்லி என்ன! நானும் அதைத்தானே செய்தேன்.

இரண்டு வலைக்காரர்கள் என்னோடு இறங்கினார்கள். எனக்காக இல்லை, தண்ணீருக்காக. மேலிருந்து ஒவ்வொன்றாக ஆறு உறையையும் உருவினோம். மூன்று உடைந்தன. ஏழாவது வரவில்லை. மணல் இறுகப் பிடித்துக்கொண்டது. கயிறு கட்டி இழுத்துப் பார்த்தேன், கடப்பாரை வைத்து நெம்பிப் பார்த்தேன். கடைசியில் அதன்மேலேயே களிமண் அடைத்து, மிதித்து, மேலே மணல் போட்டு மூடினேன். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மட்டம் பார்த்தால் இன்றைக்கும் நூல் பிசகாமல் இருக்கும்.

8. பாடம்

ஒரு ஐப்பசி மழை போயிற்று. கரிப்பு குறைந்தது, போகவில்லை. இரண்டாவது ஐப்பசி மழைக்குப் பிறகு முழங்கால் குழியில் நல்ல தண்ணீர் வந்தது என்று சொன்னார்கள். போன குடிசைகளில் நான்கு திரும்பி வந்தன. ஊற்றுக்காரி பெரியதனத்தின் கொழுந்தியாள்தான். தேசம்மா பழவேற்காட்டிலேயே இருந்துவிட்டாள். என் ஆட்களோடு சித்தாளாகச் சுண்ணாம்பு சுமந்தாள். நான் அவளுக்கு வேலை கொடுத்துக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிற சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் வாயில் ஒரு கரண்டி சுண்ணாம்பை வைக்க வேண்டும். தலைச்சுமை இல்லாமல் பிழைத்தவளின் தலையில் கூடையை ஏற்றி வைத்தவன் நான்.

பிள்ளைகளே, தூக்குக்குண்டு சுவரின் நேரைத்தான் காட்டும். சுவர் அங்கே இருக்க வேண்டுமா என்பதை அது சொல்லாது. புது ஊரில் மண்ணைத் தொடுகிறதற்கு முன்னால், அங்கே தினமும் தண்ணீர் மொள்ளுகிறவள் யார் என்று விசாரியுங்கள். எத்தனை முழத்தில் நிறுத்துவது என்று அவளிடம் கேளுங்கள். அவள் சொல்கிற இடத்தில் நிறுத்துங்கள். தப்பு செய்துவிட்டால் கிணற்றுக்குள் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். மேலே ஏறி வந்துவிட்டால் நாக்கு எழாது.

மூன்றாம் வருடம் ஆடி மாதம் தேசம்மா தன் ஊர்க் கங்கையம்மன் கூழுக்குப் போய்விட்டு வந்தாள். வரும்போது ஒரு தோண்டியில் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் ஒரு கொட்டாங்கச்சி கொடுத்தாள். கடைசியாக என்னிடம் வந்தாள். தோண்டியைச் சாய்த்து அடியில் இருந்ததை ஊற்றி நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன்.

"எப்பிடி கீது?"

"இனிக்குது தேசம்மா."

"ஆமா. நீ மொத நாளு எங்கூட்டு வாசல்ல கால் கழுவனியே, அதே தண்ணிதான்."

கொட்டாங்கச்சியை வாங்கித் தோண்டிமேல் கவிழ்த்துக்கொண்டு, சாந்துக்கூடையை எடுக்கப் போனாள்.